அப்பாவுக்குப் போட்ட மொட்டை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சங்கரன்கோவிலுக்கு அமைச்சர் வந்தார். கல்லூரியில் புதுக் கட்டடம் திறக்கிறார், அப்பாவின் பணத்தைப் பற்றி நேரில் கேட்டுவிடுவோம் என்று சித்தப்பா என்னைக் கூட்டிப் போனார்.

வெள்ளைக்காரன் காலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பா மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறவராக இருந்தார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, அவருக்குச் சேரவேண்டிய பணம் வரவே இல்லை. பல்கலைக்கழகத்தில் காசில்லை, அரசாங்கம் கொடுத்தால் கொடுப்போம் என்றார்கள். அந்தக் கட்டடத்தில் தூண் ஒவ்வொன்றும் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். அங்கே எப்படிக் காசில்லாமல் போகும்? நான் எட்டாவதோடு நின்று தறிக்குப் போனவன், எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்தப் பணத்தை நம்பித்தான் வைத்தியத்துக்கு வீட்டை அடமானம் வைத்தோம். அப்பா போய்விட்டார். வீடாவது மிஞ்ச வேண்டும்.

கேட் பக்கம் சித்தப்பா என் காதில் சொன்னார். "ஏலே, எவனாவது கேட்டா சாமிக்கு முடி எறக்கிருக்கேன்னு சொல்லு. எழவு விழுந்த துட்டி வீட்டுக்காரன்னா முன்னால விடமாட்டானுவ."

தலையாட்டினேன். எங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தோடு நின்ற புளியங்குடி வியாபாரி, அது காதில் விழுந்தோ என்னவோ, என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வே, அம்மன் மீசையையும் சேத்தா வாங்கிட்டா?" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். மழித்த மேலுதட்டை நான் கையால் மறைத்துக்கொண்டேன்.

அமைச்சர் வந்தார். வியாபாரியிடம் பழத்தை வாங்கிக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

"சாமிக்கு மொட்டையா தம்பி?"

சித்தப்பா என் முதுகில் விரலால் குத்தினார். பொய் சொல்ல வாய் வரவில்லை. அப்பா என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"இல்லய்யா. எங்க அப்பாவுக்கு."

கை தோளைவிட்டு இறங்கியது. நான் தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது, முதலில் வேலையில் இருக்கிறவர்களுக்குச் சம்பளம், அடுத்து ஓய்வு பெற்றவர்கள், எல்லாம் வரிசைப்படி வரும் என்றார்.

"செத்துப்போனவங்க எந்த வரிசைய்யா?"

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். "உங்க அம்மாவுக்கு வரும் தம்பி" என்று சொல்லிக்கொண்டே அமைச்சர் நகர்ந்துவிட்டார்.

வழியெல்லாம் சித்தப்பா ஏசினார், ஒரு பொய் சொல்லத் துப்பில்லையே என்று.

வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அரசாங்கம் பணம் ஒதுக்கிவிட்டது, வரிசைப்படி வரும் என்று சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நம்ம எத்தனாவது மக்கா?"

அதை நான் கேட்கவில்லை. அப்படியே திரும்பி ஓடினேன். கல்லூரி வாசலில் ஒரு கார்கூட இல்லை. பந்தல்காரர்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அமைச்சர் எந்தப் பக்கம் போனார் என்று அவர்களிடம் கேட்டேன்.