மறுபடியும் அதே புள்ளிகள்

சவரிராஜ் கண்ணாடி ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்தார். முதலில் சோப்பு, அப்புறம் அமிலம், கடைசியாகக் காய்ச்சி வடித்த நீர். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். எழுபத்திரண்டாம் வருஷம் ஆஸ்பத்திரி லேப்பில் அட்டெண்டராகச் சேர்ந்ததிலிருந்து இதுதான் வேலை.

"வீட்டுத் தம்ளரை ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி பிலோமினம்மாள்.

"தம்ளருக்குள்ள டாக்டர் எட்டிப் பாக்க மாட்டார்லா" என்பார்.

எண்பத்தேழில் டாக்டர் லிம், எலும்பு மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கும் வைரஸைத் தேடும் சோதனையைத் தொடங்கினார். மஜ்ஜையை ஸ்லைடில் தடவி, மருந்திட்டு, நாள்கணக்கில் இருட்டில் வைப்பார்கள். வைரஸ் இருந்தால் கறுப்புப் புள்ளி விழும். கண்ணாடி அழுக்காக இருந்தாலும் புள்ளிபோலத் தெரியும். அதனால் சவரிராஜைத் தவிர யாரையும் அவர் கழுவ விடுவதில்லை.

அந்த வருஷம் ஒரு நாள் வந்தது ரெஜினாவின் மஜ்ஜை. சிங்கப்பூர் தோ பாயோவில் சவரிராஜ் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கும் மதலேனாவின் மூத்த பெண். அவள் தம்பி அல்போன்சுக்கு ரத்தப் புற்று; வேறொருவர் மஜ்ஜையை ஏற்ற வேண்டும். வீட்டில் அக்காவின் மஜ்ஜை மட்டுமே அவனுக்குப் பொருந்தியது.

புள்ளிகள் விழுந்தன.

"நான் சரியாக் கழுவலபோல, டாக்டர். இன்னொரு தடவ பாருங்க."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை டாக்டர் கேட்டதே இல்லை. சிரிக்காமல் சரியென்றார். தான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டே சவரிராஜ் புதிய ஸ்லைடுகளைத் தேய்த்தார்.

மறுபடியும் அதே புள்ளிகள்.

மதலேனாவை வரவழைத்தார்கள். தமிழில் எடுத்துச் சொல்ல சவரிராஜை உட்கார வைத்தார்கள்.

"ரெஜினாவுக்கு ஒண்ணும் ஆகாது, தங்கச்சி. கிருமி அவ உடம்புல தூங்குது. அல்போன்சுக்கு அது இல்ல. அவ மஜ்ஜையோட அவனுக்குள்ள போனா, தெம்பில்லாத உடம்புல முழிச்சுக்கும்."

"தூங்குதுதானேண்ணே? அவளை ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன். ஓடாம, சத்தம் போடாம படுக்க வச்சுக்குறேன். ரேடியோகூட வேணாம்."

'தூங்குது' என்பதற்குப் பதில் எந்தச் சொல்லைப் போட்டிருக்கலாம் என்று சவரிராஜுக்குத் தெரியவில்லை. "அந்தத் தூக்கம் இல்லம்மா."

"மஜ்ஜை குடுக்கலன்னா?"

சவரிராஜ் டாக்டரிடம் கேட்டார். கொடுக்காவிட்டால் பையன் பிழைக்க மாட்டான். கொடுத்தால் பிழைக்கலாம்; கிருமி விழித்துக்கொண்டால் அதுவே அவனைக் கொண்டுபோய்விடும், தடுக்க நல்ல மருந்து இல்லை. தாய்தான் முடிவு சொல்ல வேண்டும். ஒன்றையும் குறைக்காமல் அதைச் சவரிராஜ் தமிழில் சொல்லி முடித்தார்.

மதலேனா நிமிர்ந்தாள். "அவளுக்கு எங்கேருந்துண்ணே வந்துச்சு?"

யாரிடமிருந்தும் வரலாம், தாய்ப்பாலிலும் வரலாம் என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"எங்கேருந்தும் வருமாம்" என்றார் சவரிராஜ்.

"மில்க்குன்னாரே." அவள் அவரையே பார்த்தாள். "அவளுக்கு ரெண்டு வருஷம் குடுத்தேன். அல்போன்ஸ் பொறந்தப்ப டிவி ஃபேக்டரில நைட் ஷிஃப்ட்டு. டின் பால்தான். பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்காதவன்னு மாமியார் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுச்சு. அப்ப குடுக்காததுதான் நல்லதாண்ணே?"

அவள் என்ன கேட்கிறாள் என்று டாக்டர் சவரிராஜிடம் கேட்டார். அமிலத்தில் வெளுத்த விரல்நுனிகளைப் பார்த்தபடி சவரிராஜ் உட்கார்ந்திருந்தார்.

மதலேனா முடிவு எதுவும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு, தூங்குவதை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.