பள்ளத்தின் குறுக்கே போட்ட ரோடு

எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் சதுப்புப் பள்ளம். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், சுற்றிப் போக அரை நாள் ஆகும். சண்டைக் காலத்தில் நாட்டைப் பிடித்த ஜப்பான்காரன் குறுக்கே ரோடு போடச் சொன்னான். நாங்கள் வளர்த்த தேயிலைச் செடிகளை வேரோடு பிடுங்கிச் சேற்றில் போட்டு, மேலே கல் கொட்டினோம். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தார். அவருக்குப் பதிலாக நான் கல் சுமந்தேன்.

"புருசன் எங்க?" என்றார் எங்களை வேலை வாங்கும் கங்காணி.

"ரோடு முடியட்டும், இதுலயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"ஊர்வலமா? மொதல்ல கல்லத் தூக்கு, தங்கச்சி."

ரோடு முடிந்த அன்றே என் வீட்டுக்காரரைச் சாக்குத் தூளியில் தூக்கிப் போனோம். காவலுக்கு நின்ற ஜப்பான்காரன் துப்பாக்கியை நீட்டினான். ரோடு லோரிக்கு மட்டும்தானாம். திரும்பிப் பழைய பாதையில் நடந்தோம். பாதி வழியில் அவர் மூச்சு நின்றுவிட்டது. இனி ஆஸ்பத்திரியில் வேலையில்லை என்று தூளியை அங்கேயே இறக்கினோம்.