அவள் கைக்குத் திறக்காத வாய்

"இன்னும்!"

முன்னறையிலிருந்து வந்தது அந்தக் குரல். கூடவே கிண்ணத்தில் கரண்டி மோதும் ஓசை, கலகலவென்று ஒரு சிரிப்பு. மறுபடியும், "அத்தை, இன்னும்!"

சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று அடுப்பை அணைத்தாள். ஆனால் அடிவயிற்றில் மூண்டதை அணைக்க எந்தத் திருகைத் திருகுவாள், பாவம்?

பெற்ற மகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். எந்தத் தாய்க்குத்தான் அது இனிக்காது? இவளுக்குக் கசந்தது. நாலு மாதமாக இவள் கையால் ஒரு வாய்கூட ஆசையாக வாங்காத பிள்ளை அது.

எக்ஸ்ரேக்காரி என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத அறையில் பதினோரு வருடமாக வேலை. "அசையாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. ம்... விடுங்க." ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது இதைச் சொல்வாள். வருகிறவர்களின் முகம் அவள் நினைவில் நிற்பதில்லை. முட்டியும் முதுகெலும்பும் நின்றுவிடும்.

அப்படித்தான் ஒருத்தி வந்தாள். விழவில்லை, வழுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படத்தில் அந்த எலும்பு நனைந்த காகிதம் போல வெளிறிக் கிடந்தது. "சத்தே இல்ல, பாத்தியா? பூரா அரிச்சுப்போச்சு," என்றார் எலும்பு டாக்டர். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், இரண்டு வயது நிறையப்போகிற சிட்டு, பால் டம்ளரைப் புறங்கையால் தள்ளிவிட்டாள். தரையெல்லாம் பால். தாயின் கண்ணுக்கு மகளின் இடுப்பெலும்பு தெரிந்தது.

குழந்தை டாக்டரிடம் ஓடினாள். அவர் பதறவே இல்லை.

"பால் குடிக்கலன்னா குடி முழுகிப்போகாதும்மா. தயிர் குடுங்க, சீஸ் குடுங்க. எள்ளை நைஸா அரைச்சு ஏதாவதுல கலந்து குடுங்க. முள்ளு மசியற அளவுக்கு வேகவெச்ச சின்ன மீன், கீரை. கொஞ்சம் கொஞ்சமா நாள் முழுக்கப் போனாப் போதும். வெயில்ல ஓடி விளையாட விடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, கட்டாயப்படுத்தாதீங்க."

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒட்டியதோடு சரி. ஒருநாள் தயிர் கொடுத்துப் பார்த்தாள், சிட்டு துப்பினாள். பார்த்தீர்களா, இதெல்லாம் பேச்சுக்குத்தான், பால் மாதிரி வருமா என்று மனம் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அப்போதுதான் அவளுடைய வேலையே அவளுக்கு எதிரியாக வந்தது.

எக்ஸ்ரே அறையில் சின்னக் குழந்தைகளை அசையாமல் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதில் அவள் கைகாரி. விரிப்பை மூன்று சுற்றுச் சுற்றி, கைகள் இரண்டையும் உள்ளே அடக்கி, நுனியை முதுகுக்கடியில் செருகுவாள். இரண்டு விரலால் தாடையைப் பிடிப்பாள். "அரை நிமிஷம்தான் செல்லம்." அலறுகிற பிள்ளைகூட அசைய முடியாது. அடங்காத குழந்தை வந்தால் மற்ற ஷிப்டுக்காரர்களும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் காலை, வீட்டுப் பீரோவிலிருந்து விரிப்பை எடுத்தாள். மூன்று சுற்று. செருகல். தாடை. கரண்டி. "அரை நிமிஷம்தான் செல்லம்."

அன்று அரை டம்ளர் உள்ளே போயிற்று. ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்!

அரை நிமிடத்தில் படம் எடுக்கலாம், தாயே, பால் புகட்ட முடியுமா? விரிப்பைக் கண்டால் பல்லைக் கடித்த சிட்டு, பிறகு கரண்டியைக் கண்டாலே கடித்தாள். பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே கடித்தாள். கடைசியில் பாலென்ன, ஒரு துண்டு பழம்கூட அந்தக் கையிலிருந்து வாங்குவதில்லை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பால் வேளை வந்தால் டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். "நீதானே ஆஸ்பத்திரிக்காரி, நீயே பாத்துக்கோ," என்பதோடு அவன் கடமை முடிந்தது.

சிட்டுவைப் பகலில் விட்டுவரும் பிள்ளைகள் காப்பகத்தில் குழாய் மாற்றும் வேலை நடக்கிறது என்று மூன்று வாரம் பூட்டினார்கள். புருஷனுடைய அக்கா தன் சலவைக் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினாள். நாள் முழுக்கத் துணி தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பேறிய கை. சிரித்தால் கதவு அதிரும். கல்யாணமாகி இருபது வருடம். பிள்ளையில்லை. அதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை.

வந்த மறுநாளே விரிப்பைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது, கொழந்தைய சலவைக்கா போடப் போறே? பொட்டலம் கட்டறே?"

"உங்களுக்குத் தெரியாது அண்ணி, இவ குடிக்கணும்னா இதான் வழி."

நாத்தனார், தம்பி மனைவி வேலைக்குப் போன பிறகு ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மீனை மசித்தாள், எள்ளை அரைத்தாள். சிட்டுவைக் கூப்பிடவே இல்லை. தரையில் உட்கார்ந்து தன்பாட்டுக்குச் சாப்பிட்டாள். எட்டிப் பார்த்த சிட்டுவிடம், "இது என்னோடது. உனக்கு எதுக்கு? போ, போய் வெளையாடு," என்று கிண்ணத்தை மறைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அந்தக் கிண்ணத்துக்குள் ஒரு குட்டிக் கை நுழைந்தது.

இன்றோ, "இன்னும்" என்று கேட்கிறது.

எக்ஸ்ரேக்காரி பால் டம்ளரோடு முன்னறைக்குப் போனாள். சிட்டுவின் வாயைச் சுற்றித் தயிர், மூக்கு நுனியில் எள். அம்மாவைக் கண்டதும் சிரிப்பு நின்றது. உதடுகள் ஒட்டிக்கொண்டன. மெல்ல நகர்ந்து அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"பாலைக் குடிச்சிட்டு அப்புறம் என்ன வேணா தின்னட்டும்."

"இதுல இல்லாத சத்தா அதுல இருக்கு? உன் டாக்டர் எழுதினதத்தான் குடுக்கறேன். காலையில சீஸ், மத்தியானம் மீனும் கீரையும், இப்போ தயிர். இன்னும் எதுக்கும்மா அந்த டம்ளரைத் தூக்கிட்டு அலையறே?"

"எனக்கு எலும்பப் பத்திப் பாடம் எடுக்காதீங்க அண்ணி. தினம் அறுபது பேரோட எலும்பப் பாக்கறவ நான்."

"எலும்பத்தான் பாக்கறே. கொஞ்சம் மூஞ்சியையும் பாரு. பெத்தவளப் பாத்து நடுங்குது கொழந்த."

சுருக்கென்று தைத்தது. பொய்யாயிருந்தால் தைத்திருக்காது. அந்த வலியில் வாய்க்கு வந்ததை அவள் நிறுத்தவில்லை.

"பெத்தவளுக்குத்தான் புள்ளயப் பத்தின பயம் தெரியும். உங்களுக்கு எங்கேர்ந்து தெரியும்?"

கொட்டிவிட்டாள். இனி அள்ள முடியுமா?

நாத்தனார் சிட்டுவின் மூக்கிலிருந்த எள்ளை ஒரு விரலால் துடைத்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

"சரிம்மா," என்றாள். அவ்வளவுதான்.

அறைக்குள் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நாலு துணி, ஒரு சீப்பு. கட்டிவைக்க எவ்வளவு நேரமாகும்? எக்ஸ்ரேக்காரி டம்ளரோடு நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு என்ன தோன்றியதோ, டம்ளரை வைத்துவிட்டுத் தயிர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். நாத்தனார் செய்தது போலவே தரையில் உட்கார்ந்தாள். குரலைக் குழைத்துக்கொண்டாள்.

"சிட்டு, இங்க பாரு, அம்மாகிட்ட பால் இல்ல. தயிர்தான். உனக்குப் பிடிக்குமே. ஒரே ஒரு வாய், செல்லம்."

செல்லம் என்ற சொல் காதில் விழுந்ததும் குழந்தை செய்த காரியத்தை எப்படிச் சொல்வேன்! அழவில்லை, ஓடவில்லை. தரையில் மல்லாந்து படுத்தாள். இரண்டு கைகளையும் தானாகவே உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சுற்றுவதற்கு வசதியாக.

கிண்ணம் தாயின் மடியில் சரிந்தது.

பெட்டியோடு வாசலுக்கு வந்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள். பெட்டியைக் கீழே வைத்தாள். குனிந்து குழந்தையைத் தூக்கவில்லை. தூக்கினால் பிறகு போக முடியாது என்று அவளுக்குத் தெரியாதா?

"காப்பகம் திங்கட்கிழமை தொறந்துடும். நடுவுல ரெண்டு நாள்," என்றாள் தணிந்த குரலில். "நீ ஊட்டாதே. கிண்ணத்தப் பக்கத்துல வெச்சுட்டு நீ பாட்டுக்கு உன் சாப்பாட்டச் சாப்பிடு. அவளைத் திரும்பிக்கூடப் பாக்காதே. நாளாகும்மா. ரொம்ப நாளாகும்."

எக்ஸ்ரேக்காரி தலையை நிமிர்த்தவில்லை.

"இருன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா இருக்கேன். எனக்கொண்ணும் கோவம் இல்ல."

இருங்க அண்ணி. இரண்டே சொல். நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கும் முன்னறையில் அந்தச் சிரிப்பு கேட்கும், இவள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மகளின் எலும்புக்காக உயிரையே விடுவேன் என்று இருந்தவள்தான். அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ள மட்டும் அவளால் ஆகவில்லை.

"பஸ் போயிடும் அண்ணி," என்றாள்.

நாத்தனார் தலையை ஆட்டினாள். செருப்பை மாட்டினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்த சிட்டு, காலடிச் சத்தம் விலகுவதைக் கேட்டு, "அத்தை?" என்று எழுந்து ஓடி வந்தாள்.

அவள் வாசலுக்கு வருவதற்குள் அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.