வாக்கரும் வண்ணாரும்

அந்த ஆங்கிலேயர் கம்பளியைக் கவுண்டரில் வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அது கடையில் வாங்கிய போர்வை இல்லை என்று. இரண்டு கையாலும் ஏந்தி வந்து, மெல்ல இறக்கி வைத்தார். அம்மா கொடுத்ததாம். யார்க்‌ஷயரில் அவருடைய ஊருக்குப் பக்கத்திலேயே நெய்தது. வேறு லாண்டரிகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். மெஷினில் போட்டுத் தருகிறோம் என்றார்களாம், பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்போது நான் துபாயில், அல் குசைஸ் பகுதியில் ஒரு மலையாளி முதலாளியின் சலவைக்கடையில் வேலை செய்தேன். கவுண்டரும் நான்தான், கார்ப்பெட் கழுவுவதும் நான்தான். உள்ளே தேய்ப்பதற்குப் பெஷாவர் பக்கத்துப் பட்டாணி ஒருவர் இருந்தார். எங்களுக்குள் பேச்சு இந்தியில்.

“மெஷின் வேண்டாம் சார். பச்சைத் தண்ணியில் போட்டு, காலால் மிதிச்சுத் தரேன். சுருங்காது” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “காலாலா? நான் பார்க்கலாமா?”

பின்கட்டில் கார்ப்பெட் கழுவும் சிமெண்டுத் தொட்டி இருந்தது. பேண்டை மடித்துவிட்டு, காலைக் கழுவி, கம்பளியைச் சோப்புத் தண்ணீரில் நனையப் போட்டு ஏறினேன். கம்பளியை மிதிப்பதில் ஒரு பக்குவம் உண்டு. தேய்க்கக் கூடாது. குதிகாலால் அழுத்தி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் இரண்டு சுற்று வருவதற்குள் அந்த மனிதர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“தப்பா நினைக்காதீங்க. என் பெயரைத்தான் நீங்க செஞ்சுகிட்டு இருக்கீங்க” என்றார்.

துணியில் கட்டும் டோக்கனில் அவர் பெயரை நான்தான் எழுதியிருந்தேன். வாக்கர். முன்னோரில் யாரோ தபால்காரராக நடந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அந்த நடை இல்லை என்றார் அவர். தறியிலிருந்து இறங்கும் கம்பளித்துணி லொடலொடவென்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, மண் கரைத்த தண்ணீர் ஊற்றி, ஆட்கள் ஏறி மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்கப் பிசுக்குப் போய், இழை நெருங்கி, துணி கெட்டிப்படும். அந்த ஆளுக்குத்தான் பழைய ஆங்கிலத்தில் வாக்கர் என்று பெயர். பிறகு ஆற்றுத் தண்ணீரில் ஓடும் ஆலைகள் வந்து மரச்சம்மட்டிகள் அந்த வேலையைச் செய்தன. கால்கள் ஓய்ந்தன, பெயர் மட்டும் பிள்ளைகளோடு நின்றுவிட்டது.

“மண்ணா? என்ன மண்?” என்று கேட்டேன்.

“ஃபுல்லர்ஸ் எர்த் என்போம். ஒரு வகைக் களிமண்.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பட்டாணிக்குப் பொறுக்கவில்லை. “முல்தானி மிட்டி, பாய். என் பீவி முகத்துக்குப் போடுவாளே, அதுதான்” என்றார்.

எங்கள் ஊரில் உவர்மண் என்றேன். அதுவும் இதுவும் ஒரே மண் இல்லை, ஆனால் அழுக்கு எடுக்க மண்ணைத் தேடிப் போனது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். அந்தக் காலத்தில் புளித்த மூத்திரத்தையும் தொட்டியில் ஊற்றுவார்கள் என்று அவர் தொடர்ந்து சொன்னபோது நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அதை அவர் சொன்ன முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. தன் பாட்டன் கப்பலோட்டினான் என்று சொல்வது போலச் சொன்னார்.

இங்கிலாந்தின் வடக்கே போனால் தடுக்கி விழுந்தால் ஒரு வாக்கர் மேல்தான் விழ வேண்டும் என்றார். ஸ்காட்லாந்திலும் அப்படியே. நாடு முழுக்க மிகப் பரவலான குடும்பப்பெயர்களில் அதுவும் ஒன்று. ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று போன இடமெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள். தென்கிழக்கில் இதே வேலை செய்தவர்களுக்கு ஃபுல்லர் என்று பெயர், தென்மேற்கில் டக்கர். “மூணும் ஒரே தொட்டிதான். பெயரை வைத்தே ஒருத்தனோட முப்பாட்டன் எந்தப் பக்கத்துத் தண்ணீரில் நின்றான் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். எங்க ஸ்கூல்ல ஒரே வகுப்பில் பல வாக்கர்கள். வாத்தியார் கூப்பிட்டால் ஒரு பெஞ்சே எழுந்து நிற்கும்.”

“யாரும் கேலி பண்ண மாட்டாங்களா?”

“எதுக்கு?” என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக இதே வேலைதான் என்று மட்டும் சொன்னேன்.

“அப்படியானால் நீங்களும் ஒரு வாக்கர்” என்று கையை நீட்டினார். என் கை முழுக்க சோப்பு நுரை. அதோடேயே பிடித்துக் குலுக்கினார்.

அவருக்குப் புரியாததை இங்கே சொல்ல வேண்டும். நான் சங்கரன்கோவில் பக்கம். எங்கள் தொழிலின் பெயர் எங்கள் பகுதியில் ஒரு பெயராக இருந்ததில்லை. வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் கூப்பிடும் சத்தமாகத்தான் இருந்தது. என் அப்பாவை அவரை விட வயதில் சிறியவர்கள் அந்தச் சொல்லில் ‘ன்’ போட்டுத்தான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பெயர் மறந்துபோன வாத்தியாருக்கு எங்கள் தொழில் மட்டும் மறக்கவில்லை. துபாய்க்கு வந்து தொழிலாளர் கேம்பில் தங்கியபோதும், ஊர்க்காரர் யாராவது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “நம்ம பக்கம்தானா? எந்தத் தெரு?” என்று ஆரம்பித்தால், கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். டூட்டி நேரம் என்று எழுந்துவிடுவேன்.

அந்தக் கம்பளி காய்ந்து, மடித்து, அவர் வந்து வாங்கிப் போன பிறகும் எனக்குள் அந்த “எதுக்கு?” ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் முதலாளி ஊரோடு போய்விட முடிவு செய்தார். கடையை நீயும் பட்டாணியும் சேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருந்ததைப் போட்டு, இல்லாததைப் புரட்டி எடுத்துக்கொண்டோம். அவருடைய பெயர்ப்பலகை அவரோடு போகிறது, புதுப்பெயர் வேண்டும். பட்டாணி யோசிக்கவே இல்லை. “பேர் உன் பாடு, பாய். எனக்கு இஸ்திரி சூடாக இருந்தால் போதும்.”

ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ கடை வைத்திருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர், உதவுகிற மனிதர், லைசென்ஸ் பேப்பர் தயார் செய்யும் டைப்பிங் சென்டருக்குக் கூட வந்தார். ஒயிட், ஃப்ரெஷ், ஸ்டார் என்று அவர் சொன்ன பெயர்களையெல்லாம் யாரோ முன்பே எடுத்திருந்தார்கள். நான் மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“வண்ணார் லாண்டரி.”

அவர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். “வே, என்ன பேசுதீரு? ஊர்லதான் இந்தக் கொடுமைன்னு இங்க வந்துருக்கோம். இங்கயும் போர்டு எழுதி மாட்டணுமா? நம்ம ஆளுக பாத்தா என்ன நெனப்பாக?”

“நெனைக்கட்டும் அண்ணாச்சி. ஊர்ல அவுக கூப்பிட்டாக. இங்க நானா எழுதுதேன்.”

வீட்டுக்குப் போன் போட்டேன். அல் நஹ்தாவில் ஒரு ஃபிளாட்டை இன்னொரு குடும்பத்தோடு பங்கு போட்டுக்கொண்டு இருந்தோம். என் மனைவியும் எங்கள் ஆட்களே. பெயரைச் சொன்னேன்.

“எழுத்து பெருசா இருக்குமா?” என்று கேட்டாள்.

“பெருசாத்தான் இருக்கும்.”

“அப்ப எழுதுங்க. சின்னதா எழுதுறதுன்னா வேண்டாம்.”

திரும்ப உள்ளே போனதும், டைப் செய்யும் எகிப்துக்காரர் அர்த்தம் கேட்டார். துணி வெளுப்பவர் என்றேன். “ஓ, கஸ்ஸார்! எங்களிலும் குடும்பப்பெயராக இருக்கிறதே” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டச்சு செய்யப் போனார். சிக்கல் எழுத்தில்தான் வந்தது. அரபியில் ‘வ’வுக்குச் சரியான எழுத்தில்லை. ஒரு எழுத்தைப் போட்டால் ‘நெருப்பும்’ என்று படிப்பார்களாம். சலவைக்கடைக்கு அது ஆகாது. இன்னொன்றைப் போட்டால் ‘ஃபனார்’, அதாவது கலங்கரை விளக்கம். அதையே போடச் சொன்னேன். ஆங்கிலத்தில் வண்ணார், அரபியில் கலங்கரை விளக்கம். அப்படித்தான் பலகை ஏறியது.

பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. தமிழ் ஆட்கள் சிலர் பலகையைப் படித்துவிட்டு, என் முகத்தையும் படித்துவிட்டு, சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கார்கோ அண்ணாச்சி மட்டும் அந்தப் பக்கம் வரவே இல்லை.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. இங்கே இருந்தவர்களுக்கு எந்த மழை என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் அல் குசைஸ் குளமாகிவிட்டது. கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன. தண்ணீர் எங்கள் கடைக்குள் இடுப்பளவு வந்து, நின்று, நாறி, பிறகு டேங்கர்கள் உறிஞ்ச உறிஞ்ச இறங்கியது. கரண்ட் வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. மெஷின்கள் மட்டும் வரவில்லை. ஒவ்வொன்றாகப் பட்டாணி சுவிட்சைப் போட்டுப் பார்த்து, “கலாஸ்”, முடிந்தது என்று கையை விரித்தார்.

வாசலில் ஆட்கள் நின்றார்கள். தரைத்தளத்து வீடுகளில் நனையாத துணி இல்லை. சிரியாக்காரக் குடும்பம் ஒன்று வரவேற்பறைக் கார்ப்பெட்டைச் சடலம் போலத் தூக்கி வந்திருந்தது. பிலிப்பினோப் பெண்கள் மெத்தை விரிப்புகளோடு நின்றார்கள். மெஷின் ஓடாது என்று பட்டாணி சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மனைவி குழந்தைகள் குளிக்கும் காற்றடைத்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து ஃபிளாட்டில் கேட்டு வாங்கியது.

“கால் ஓடுமில்ல?” என்றாள்.

தொட்டியைப் பார்க்கிங்கில் போட்டு, குழாயைச் செருகி, சேலையைத் தூக்கிச் செருகி முதலில் ஏறியவள் அவள்தான். நான் சிமெண்டுத் தொட்டியில். அதைப் பார்த்துவிட்டு, யார் யார் வீட்டிலிருந்தோ அந்த மாதிரித் தொட்டிகள் வந்தன. நீலம், பச்சை, மீன் படம் போட்டது. சிரியாக்காரர் தம் கார்ப்பெட்டைத் தாமே மிதித்தார். பிலிப்பினோப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டமாக மிதித்தார்கள். பட்டாணி பஷ்தோவில் எதையோ பாட, தாளம் பிடிபட்டுவிட்டது.

மதியத்துக்கு மேல் வாக்கர் வந்தார். கட்டடக் கம்பெனி ஒன்றில் சேஃப்டி மேனேஜர் அவர். எங்கள் கடை மூழ்கியது என்று கேள்விப்பட்டு, பம்ப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முழங்கால் வரை பூட்ஸோடு வந்தார். பம்புக்கு வேலை இல்லை. தொட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றினார்.

“பல நூறு வருஷமா என் பெயருக்கு வேலை இல்லை. இன்னைக்குப் பார்த்துடலாம்” என்று சொல்லிவிட்டு என் தொட்டியில் ஏறினார்.

ஆரம்பத்தில் வழுக்கினார். தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். குதிகால், அழுத்து, எடு. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. பழகுமா இல்லையா, ரத்தத்தில் இருக்கிறதே என்று அவரே சொல்லிக்கொண்டார். முகம் இறால் போலச் சிவந்துவிட்டது, இறங்கச் சொன்னாலும் இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கார்கோ அண்ணாச்சி வந்தார். ஆஃபீஸ் கார்ப்பெட் சுருட்டித் தோளில் இருந்தது. தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, வெள்ளைக்காரர் என்னோடு தோள் போட்டு மிதிப்பதைப் பார்த்தார்.

“இவரு யாரு?”

“எங்க ஆளுதான் அண்ணாச்சி” என்றேன். “அவுக ஊர் வண்ணாரு.”

அவர் சிரிக்கவில்லை. கார்ப்பெட்டைக் கீழே போட்டார், கைலியை மடித்துக் கட்டினார். “கொஞ்சம் தள்ளும் வே. எனக்கும் எடம் வேணும்.”

அப்படியே சில நாட்கள் போயின. வெள்ளிக்கிழமை வெயிலில் எங்கள் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவர்கள், வேலிக் கம்பிகள், நின்றுபோன கார்களின் கூரைகள், எல்லா இடத்திலும் கார்ப்பெட். சிவப்பும் பச்சையுமாக, பெருநாள் போல. தொழுகை முடிந்து வந்த ஒரு எமிராத்திப் பெரியவர் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒன்றைத் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ்” என்றார். அவர் வீட்டு மஜ்லிஸின், அதாவது விருந்தினர் கூடத்தின், கார்ப்பெட்டுகள் அன்றைக்கே வந்தன. அதற்குப் பிறகு எங்களுக்கு ஓய்வே இல்லை.

புது மெஷின்கள் வந்துவிட்டன. கம்பளியும் கைத்தறிக் கார்ப்பெட்டும் இப்போதும் காலால்தான், அதற்கென்றே தேடி வருகிறார்கள். வாக்கர் யார்க்‌ஷயர் போனபோது அவருடைய ஊரில் ஒரு பழைய ஆலை இருந்த ஓடையைப் படம் பிடித்து அனுப்பினார். ஓடைப்பக்கத்துத் தெருவின் பெயரிலும் வாக்கர் என்ற சொல்தான். அங்கே யாரும் அதைப் பார்த்து நிற்பதுகூட இல்லையாம்.

போன மாதம் ஓமானில் சோஹாரிலிருந்து ஒரு போன். விழுப்புரம் பக்கத்துக்காரர். துறைமுகக் கம்பெனிகளின் யூனிஃபார்ம் வெளுக்கிறார். யாரோ எடுத்த கார்ப்பெட் தெருப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி அவரிடம் போயிருக்கிறது. அதன் ஓரத்தில் எங்கள் பலகை.

“அண்ணே, அந்தப் பேரு நீங்களே வச்சதா? யாரும் ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னாங்க. அப்புறம் கார்ப்பெட் கொண்டுவந்தாங்க.”

“நானும் கடை ஒண்ணு சொந்தமா போடுறேன். அந்தப் பேரை நானும் வச்சுக்கட்டுமா? உங்க அனுமதி வேணுமில்ல.”

“அது என் ஒருத்தன் பேரா? எடுத்துக்கோங்க” என்றேன்.

திறப்பு விழாவுக்கு நாங்கள் எல்லோருமே போனோம். பட்டாணி, என் மனைவி, கார்கோ அண்ணாச்சி, வண்டி ஓட்டியது வாக்கர். ஹத்தா எல்லையைத் தாண்டிக் கடலோரமாகப் போய்ச் சேர்ந்தபோது, விழுப்புரத்துக்காரர் ஏணியில் நின்று பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களுடையதைவிடப் பெரிய எழுத்து. கீழே நின்ற ஆறேழு பேரும் ஆளுக்கொரு பாஷையில், இடது பக்கம் இறக்கு, வலது பக்கம் ஏற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி சாலையின் எதிர்ப்பக்கம் போய், இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

“இப்ப நேரா இருக்கு. அடிங்க ஆணிய” என்றாள்.