எச்சில் பட்ட ஒன்பது

கணக்குப் போடும் இயந்திரம் எதுவும் வராத காலம். கப்பல்காரர்கள் வழி கணிக்கும் எண் அட்டவணைகளை மனிதர்களே உட்கார்ந்து போட்டார்கள். மேல்மாடி மேதாவிகள் முடிவில்லாமல் நீளும் எண் தொடரை வெட்டிச் சுருக்கி, பக்கத்துக்கு ஒரு தொடக்க எண்ணும் அடுத்தடுத்த எண்ணுக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்ற வித்தியாசங்களும் எழுதி அனுப்புவார்கள். கீழே கூட்டல் அக்கா அவற்றைக் கூட்டிக் கூட்டிப் பக்கத்தை நிரப்புவாள். எட்டு வருஷமாக இதே பிழைப்பு.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் போடவேண்டும், ஒத்துப்போனால்தான் அச்சு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவளுக்கு ஜோடியாக வாய்த்தவன் எச்சில் விரலன்! விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு அவள் தாளைப் புரட்டி, அப்படியே பார்த்து எழுதிக்கொள்வான். குமட்டிக்கொண்டு வரும். எக்கேடோ கெட்டுத் தொலையட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

புத்தகம் வெளிவந்தது. கப்பலில் வழி கணிக்கும் அவள் தம்பி ஒரு பிரதியோடு வீட்டுக்கு ஓடிவந்தான்.

"அக்கா, உன் புத்தகம்! நாளான்னைக்கு இதோடதான் கிளம்புறோம்."

பழக்கதோஷம், அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்த்தாள். அப்படி மூன்று தரம் கழித்தால் கிடைக்கும் மூன்றாம் வித்தியாசம் ஏறக்குறைய மாறாமல் வரவேண்டும். எழுபத்திரண்டாம் பக்கத்தில் ஐந்து கூடி, பதினைந்து குறைந்து, பதினைந்து கூடி, ஐந்து குறைந்து குதித்தது. ஒரே ஓர் எண் ஐந்து பிசகினால்தான் அப்படிக் குதிக்கும். அது அவள் போட்ட பக்கம்; சுத்தப்பிரதி எடுக்கும்போது நான்கை ஒன்பதாக எழுதியது அவள் கைதான். அதை நம்பித் திரும்பும் கப்பல் பாறையில் போய் மோதும்.

மறுநாள் அவள் ஆபீஸில் போய்ச் சொல்ல, மேற்பார்வையாளர் இருவரின் தாள்களையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் அதே ஒன்பது. அவள் தாளின் ஓரத்தில் விரல் அகல எச்சில் கறை.

"ரெண்டும் ஒத்துப்போகுதேம்மா, அப்புறம் என்ன?"

"என்னுதைப் பார்த்து எழுதினா ஒத்துப்போகாம என்ன செய்யுங்க?"

"முந்நூறு பிரதி வெளிய போயாச்சு. திருத்தம்னு போட்டா ஆபீஸ் மானம் போயிடும். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. வெளிய மூச்சு விட்டே, உனக்கு இங்க இடமில்லை."

சீ, இதுவும் ஒரு மனுஷன்! எச்சில் விரலன் பல்லை இளித்துக்கொண்டு நின்றான். அவனைவிட அவளுக்குத் தன்மேல்தான் அருவருப்பு. எட்டு வருஷம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவள் ஆயிற்றே.

வீட்டுக்கு வந்து, தம்பியின் பிரதியில் ஒன்பதை அடித்து நான்கு போட்டாள். "இனிமே உனக்குப் பயமில்லைடா."

தம்பி மை காய ஊதினான். "எனக்குச் சரி. மத்த கப்பல்ல போறவங்களுக்கு யாரு திருத்திக் கொடுப்பாங்க?"

அவள் மைப்புட்டியை இறுக மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"துறைமுகத்துல எத்தனை கப்பல் நிக்குது? வா, காட்டு."

மறுநாள் ஆபீஸில் அவள் மேசை காலி. எச்சில் விரலன் விரலை நாக்கில் தொட்டான். புரட்டப் பக்கத்தில் அவள் தாள் இல்லை.