தம்பி பூட்டிய பின்சக்கரப் பெட்டி

இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும், மறைந்தவரின் மூத்த சகோதரன் எழுதுவது. தம்பி எனக்கு இளையவர். வீட்டில் அவரை 'அவன்' என்றே வழங்கினோம். பின்னாளில் ஊரும் அவ்வாறே சுட்டியது, ஆனால் அன்பினால் அன்று. ஆகவே இப்பக்கங்களில் 'அவர்' என்றே எழுதுகிறேன். அவர்மீது ஒரு பழி இருந்தது. அது அவருடையதன்று. அதை எடுப்பதே என் நோக்கம்.

மானாம்பதியில் ஏரிப் பாசன நிலம் உழுத குடும்பத்தில் கடைசியாகப் பிறந்தார். எங்கள் இருவருக்கும் இடையே ஒரு சகோதரி. தம்பி ஓடியாடும் பருவத்திலேயே தாயார் காலமானார். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, உத்திரமேரூரில் பம்புசெட்டும் டிராக்டரும் பழுது பார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். நான் சென்னையில் இயந்திரவியல் கற்பித்துவந்தேன்.

எழுபதுகளின் நடுவில் தங்கைக்குத் திருமணம் முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மோட்டார் சைக்கிள் கேட்டனர். தந்தையார் ராணுவ ஏலத்தில் வந்த வெளிநாட்டு வண்டி ஒன்றை வாங்கினார். அதற்குச் சங்கிலி கிடையாது. இயந்திரத்தின் விசையை இரும்புத் தண்டு ஒன்று பின்னுக்குக் கொண்டுபோகும். சக்கரத்தை ஒட்டிய பெட்டிக்குள் இரு பல்சக்கரங்கள் அதை வாங்கிச் சக்கரத்துக்குத் தரும். பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமா சிரித்தார்.

"இன்னாபா, செயினையே காணோம்? ஏலத்துல உருவிக்கினு குட்த்தானுங்களா?"

"செயின் இருந்தாத்தான மாமா அறும்?" என்றார் தம்பி.

அப்பெட்டியை அவர் முழுதும் பிரித்தார். தேய்ந்த பேரிங்கை மாற்ற, பெட்டியை நெல் அவிக்கும் அண்டாவில் கொதிநீரில் இறக்கி, உலோகம் விரிந்த கணத்தில் புதியதைச் சுத்தியல் தொடாமல் உட்காரவைத்தார். பற்களில் செந்தூரம் குழைத்துத் தடவிச் சுழற்றி, அவை பொருந்தும் தடம் பல்லின் நடுவே விழும்வரை மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி வைத்தார். எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையத்தைப் புதிதாக இட்டார். அவ்வளையத்தின் மறுபுறம் பிரேக் இருந்தது. ஆதலால் எண்ணெயை அளந்து ஊற்றி, மேலே வெற்றிடம் விட்டு மூடினார். சூடேறினால் எண்ணெய் விரிய இடம் வேண்டும். விடுமுறையில் வந்திருந்த நான் உடனிருந்து பார்த்தேன். குறை சொல்ல ஏதுமில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் எதுவும் குறையாகப் படி தாண்டலாகாது. மரக்கால் நெல் குவிந்திருக்க வேண்டும். விளக்கெண்ணெய் விளிம்பைத் தொட வேண்டும். வண்டி புறப்பட்ட காலையில் தந்தையார் பெட்டியின் திருகைக் கழற்றிப் பார்த்தார். நிறையவில்லை. டின்னில் மீந்திருந்த எண்ணெயை வாய்வரை ஊற்றித் திருகினார். எவரிடமும் சொல்லவில்லை.

மணமாகி மாதம் ஒன்று நிறையுமுன், மாகறல் அருகே வைக்கோல் வண்டியின் பின்புறம் மோதி மாப்பிள்ளை இறந்தார். மோட்டார் சைக்கிளை நான் பிரித்துப் பார்த்தேன். வளையம் கிழியவில்லை. பெட்டி நிறைய எண்ணெய். மிஞ்சியது வளையத்தைத் தாண்டிப் பிரேக் கட்டைகளை ஊறவைத்து வழுக்கச் செய்திருந்தது. சம்பந்தி வீட்டுப் பந்தலில் பெரியவர்கள் முன்னிலையில் அதை விளக்கினேன். பூட்டிய பின் எவரோ ஊற்றியிருக்கிறார் என்றேன்.

"யாருன்னு சொல்லு சார்," என்றார் மாப்பிள்ளையின் மாமா. "சும்மா பாடம் நட்த்தாத."

தந்தையார் மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் ஊத்தினேன்," என்றார் தம்பி. "அண்ணனுக்குத் தெரியாது."

மாமா அவரைச் செருப்பால் அடித்தார். தந்தையார் தடுக்கவில்லை. பிறகு தாமும் எழுந்து சென்று, சபையறிய, கன்னத்தில் அறைந்தார்.

திரும்பும் பேருந்தில் தம்பியைக் கேட்டேன். "டின்னு காலியா கெடக்குது அண்ணா, இன்னிக்குக் காலைலதான் பாத்தேன். நைனா வேலதான்."

"அப்ப ஏன்டா பொய் சொன்ன?"

"அக்கா இனிமே நம்ம வூட்லதான இருக்கணும்? நைனா மூஞ்சியப் பாத்துக்கினு எப்டி சோறு துன்னும்? நான் கீற வரைக்கும் நீ வாயத் தொறக்காத."

வாக்குக் கொடுத்தேன்; காத்தேன்.

அதன்பின் அவருக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வரவில்லை. உறவினர் தம் கிணற்று மோட்டார் நின்றால் ஆள் அனுப்பினர். கல்யாணப் பத்திரிகை அனுப்பவில்லை. அழையாமல் சென்ற ஒரு திருமணத்தில், "மாப்ள கார்மேல கைய வெக்காத, எட்டப் போ," என்று அவரை விலக்கியவர் இன்று முன்வரிசையில் இருக்கக்கூடும். தங்கை அவரோடு பேசியதில்லை. தந்தையாரோ அப்பழியை ஆற விட்டதில்லை.

ஈரல் நோய் முற்றித் தம்பி காஞ்சிபுரத்தில் மருத்துவமனையில் கிடந்தபோது தந்தையார் ஒருமுறை வந்தார். பக்கத்துக் கட்டில்காரர், "உங்க பையனா?" என்று விசாரித்தார்.

"பையன்தான். கூடப் பொறந்தவ தாலிய அறுத்தவன்."

தம்பி கண்களை மூடியிருந்தார், உறங்கவில்லை. மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. என் வாக்கும் அத்துடன் முடிந்தது.

இதுவரை எழுதியதை அச்சுக்குத் தருமுன் தந்தையாருக்கும் தங்கைக்கும் வாசித்துக் காட்டினேன். தங்கை கேட்டாள்:

"மெய்யா நைனா?"

"நல்லதுன்னுதான் ஊத்தினேன்."

"ஊத்தினத கேக்கல. அவன அட்ச்சியே, அத கேக்கறேன்."

"சம்பந்தி வூட்டாரு முன்னால வேற இன்னா பண்ணச் சொல்ற? அவன் சின்னவன், தாங்கிக்கினான். நான் ஊர்ல தல காட்டணுமே." என் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கத்தக் கிழிச்சிப் போட்றா. காரியத்துக்கு நாலு பேரு வருவாங்க."

"நாலு பேரு படிக்கட்டும்," என்றாள் தங்கை. "போடுண்ணா."

நோயில் அவருக்குக் கஞ்சி புகட்டிய பக்கத்துக் கட்டில்காரருக்கும், முகம் சுளிக்காமல் துடைத்துவிட்ட செவிலியருக்கும், பட்டறையை அடைத்துப் பாடை சுமந்த தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. துக்கத்தில் பங்குகொள்ள வந்த அனைவருக்கும் நன்றி. எழுதியதில் ஐயமுள்ளோர் தந்தையாரிடமே கேட்டுத் தெளியலாம். தாங்கள் இதைப் படிக்கும் இவ்வேளையில் அவர் கூடத்தில்தான் அமர்ந்திருக்கிறார்.