பச்சமுத்து மார்பில் வைத்த பெட்டி

எடப்பாடிப் பக்கம் விசைத்தறி ஓட்டும் பச்சமுத்துவுக்கு முப்பது வருஷமாக முனியப்பன் அருள் வந்துகொண்டிருந்தது. தை மாதத்தில் ஒரு நாள், பொங்கல் வைக்கும் உச்சிப்பொழுதில் பம்பை முழங்கினால் போதும். முதலில் நெஞ்சு ஓடும், பிறகு கால் ஓடும், அப்புறம் அங்கே பச்சமுத்து இருக்கமாட்டார். மற்ற நாளெல்லாம் தறிச் சத்தத்தில் காது மந்தமான, ஒருத்தரும் கண்டுகொள்ளாத ஆள்தான். அந்த ஒரு நாளை நம்பித்தான் மிச்ச நாளைத் தள்ளினார், பாவம்.

ஓர் ஆடியில் தறிக்கு நடுவே சுருண்டு விழுந்தார். சேலத்து மருத்துவமனையில் இடது தோளுக்குக் கீழே, தோலுக்குள், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்தார்கள். மனைவி கோகிலவாணிதான் கையெழுத்துப் போட்டாள். நெஞ்சு தறிகெட்டு ஓடினால் அதுவே ஓர் அதிர்ச்சி கொடுத்துச் சரிப்படுத்திவிடும் என்றார் டாக்டர் ஈஸ்வர். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் நெஞ்சு வேறு எதற்கெல்லாம் ஓடும் என்று அவரும் கேட்கவில்லை, அந்தப் பெட்டியைச் செய்தவனும் கேட்டிருக்கமாட்டான்.

அந்தத் தையிலும் சாமி வந்தது. வாக்குக் கேட்கக் கூட்டம் நெருங்கியது. வாயைத் திறந்தார், மார்புக்குள்ளிருந்து மாடு உதைத்த மாதிரி ஓர் உதை. விழுந்து எழுந்தவர் வெறும் பச்சமுத்து. சனம் வாக்குக் கேட்காமலே கலைந்தது.

திருவிழா நாளுக்கு மட்டும் அந்தப் பெட்டியை அணைத்து வைக்கச் சொல்லி டாக்டரிடம் கெஞ்சினார். அணைத்தால் அன்றைக்கே உயிர் போகலாம், உயிரைக் காப்பதுதான் அதன் வேலை என்றார் டாக்டர்.

“உசுரு எதுக்குன்னு அதுக்குத் தெரியாதுங்களா?” என்று கேட்டுவிட்டு வந்தார்.

அடுத்த தையில் கோகிலவாணி அவரை வீட்டுக்குள் வைத்து உள்பக்கமாகத் தாழிட்டு, கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். சாமி வராவிட்டால் போகட்டும், அவர் இருந்தால் போதும் அவளுக்கு. தூரத்தில் பம்பை கேட்டது. பச்சமுத்து காதைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் அவள் கால்விரல்கள் நடுங்குவதைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அருள் வராதவள். கொண்டை அவிழ்ந்து தொங்க எழுந்து வந்தாள். அவர் மார்பில், சரியாகப் பெட்டியின் மேல், கை வைத்தாள்.

“என்ற எடத்துல ஆரைடா குடி வெச்சே?”

ஆண் குரல். ஊர்க்காரர்கள் செல்போனில் பிடித்த வீடியோவில் அவர் கேட்டிருந்த குரல். அருள் வந்தபோது அவர் வாயிலிருந்து வந்த அதே குரல். அவர் சுவரோடு ஒட்டிக் கைகூப்பினார்.

“இவதானுங்க, சாமி, வெச்சா. நான் சாவக்கூடாதுன்னு.”

மார்பில் வைத்த கை விலகவில்லை. நெஞ்சு ஓடத் தொடங்கியது. பயத்தையும் மீறிச் சந்தோஷம் பொங்கியது அவருக்கு. இதோ வருகிறது, வந்தேவிட்டது என்று நினைத்த நொடியில் பெட்டி உதைத்தது.

கண் விழித்தபோது கோகிலவாணி தன் சொந்தக் குரலில் அழுதுகொண்டிருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. அவர் மூச்சு விடுவதைக் கண்டதும் கோயில் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“முனியப்பந்தானுங்க உங்களக் காப்பாத்துச்சு.”

பச்சமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.